வேர் நுனியில் ஒரு கடுகளவு சிமெண்ட்

பல் டாக்டர் பதில்கள்

வேர் நுனி அறுவை பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து. நானும் தங்கச்சிமடத்துக்காரி என்பதால் உரிமையோடு திட்டியும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

என் மகளுக்கு வயது பத்தொன்பது. சின்ன வயதில் விழுந்து முன்பல்லில் அடிபட்டது. இரண்டு தடவை ரூட் கெனால் செய்தும் ஈறில் சீழ்க் கொப்புளம் திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது வேர் நுனியை வெட்டி, 'ஒரு வகை சிமெண்ட்' வைத்து அடைப்போம் என்கிறார் டாக்டர். நான் முப்பது வருடமாகக் கட்டட மேஸ்திரி. ஈரச் சிமெண்டில் கை வைத்தால் தோல் வெந்துபோகும். அதைப் பிள்ளையின் எலும்புக்குள் வைக்கலாமா?
வாசகர், பாம்பன்

மேஸ்திரி அண்ணே, அது சிமெண்ட்தான். உங்கள் மூட்டையில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. கை வெந்துபோகும் என்பதும் நிஜம். ஆனாலும் வைக்கலாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரூட் கெனாலில் பல்லின் மேலிருந்து துளைத்து, உள்ளே இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கிறோம். வேரின் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் அந்தக் குழாய் பெரும்பாலும் ஆலம்விழுது மாதிரி கிளை பிரியும். அந்தக் கிளைகளில் கிருமி ஒளிந்துகொண்டால் மேலிருந்து எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் எட்டாது. அப்போது ஈறைத் தூக்கி, எலும்பில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, வேரின் நுனியை 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கிறோம். வெட்டிய முகத்தில், அதிரும் மெல்லிய முனையால் இன்னொரு 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி அடைக்கிறோம். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி வெளியே வராமலும், வெளியிலிருக்கும் திரவம் உள்ளே போய் அதற்குத் தீனி போடாமலும் தடுக்கிற மூடி அது. கடுகளவுதான் இருக்கும்.

இதில் பெரிய தொல்லை ஈரம். எங்கள் அப்பா வள்ளங்களுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்துச் சுத்தியலால் இறக்குவார், மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். 'தண்ணியில இறங்குன பெறகுதான் இறுகும், கரையில பாத்து ஏமாறாத' என்பார். வேர் நுனியும் தண்ணீருக்குள் இருக்கும் வள்ளம்தான். எவ்வளவு துடைத்தாலும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இந்த இடத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக நாங்கள் வைத்துப் பார்த்ததெல்லாம் பல்லின் மேல்பக்கத்துக்கென்று செய்த பொருட்கள்: பாதரசம் கலந்த வெள்ளிப் பூச்சு, துத்தநாகக் கலவைகள், பசை வகைகள். அவற்றில் பல உலர்ந்த இடம் கேட்கும்.

தண்ணீரோடு சேர்ந்து இறுகும் பொருள் உங்கள் கையில்தான் இருந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் ஊர்க் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வேர்க்குழாயில் வைத்ததாக ஜெர்மனியில் 1878-லேயே ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1990-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் அந்தச் சிமெண்டைப் பல்லுக்கு ஏற்றபடி மாற்றினார். எம்.டி.ஏ. (மினரல் ட்ரைஆக்சைடு அக்ரிகேட்) என்று பெயர் வைத்தார்கள். நூற்றுக்கு 75 பங்கு போர்ட்லாண்ட் வகைச் சிமெண்ட், 20 பங்கு பிஸ்மத் ஆக்சைடு, 5 பங்கு ஜிப்சம். பிஸ்மத் எதற்கு என்றால், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்கு. ஜிப்சம், சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வெந்துபோகிற விஷயம். சிமெண்டில் தண்ணீர் பட்டால் இறுகும் கூழ் ஒரு பக்கம் உண்டாகிறது, இன்னொரு பக்கம் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, வெளிவருகிறது. எம்.டி.ஏ.யின் பி.எச். அளவு (7-க்கு மேல் போகப் போகக் காரம்) கலக்கும்போது 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5. அந்தக் காரத்தில் பக்கத்திலிருக்கும் செல்களில் ஒரு மெல்லிய படலம் செத்துப்போவது உண்மையே. உங்கள் கையில் நாள் முழுக்க அள்ள அள்ளப் புதுச் சிமெண்ட் பட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கே கடுகளவு பொருள், ஒரே ஒரு தடவை, அதுவும் இறுகி அடங்கிவிடுகிறது. அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. வெளிவரும் கால்சியமும் உடல் திரவத்திலிருக்கும் பாஸ்பேட்டும் சேர்ந்து, எலும்பின் தாதுவைப் போன்ற ஒரு படிவு மேலே படிகிறது. 1997-ல் வெளியான குரங்கு ஆய்வில் எம்.டி.ஏ.யின் மேலேயே வேரின் இயற்கையான மேற்பூச்சு புதிதாக வளர்ந்திருந்தது. அந்த மேற்பூச்சுக்கு மருத்துவத்தில் என்ன பெயர் தெரியுமா? சிமெண்டம்!

உடலோடு ஒத்துப்போகும் பொருள் என்றால் சும்மா கெடுதல் செய்யாமல் கிடப்பது என்றுதான் நான் படித்த காலத்தில் நினைத்தோம். இது கிடக்கவில்லை, முதல் நாள் சுட்டுவிட்டு, மறுநாளிலிருந்து பேச்சுவார்த்தை நடத்துகிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். 'மூட்டைச் சிமெண்டிலேயே ஒரு சிட்டிகை கொடுத்தால் போதாதா' என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். விளையாட்டுக்குக் கேட்டிருப்பீர்கள். கட்டடச் சிமெண்டில் ஆர்செனிக் போன்ற உலோக மிச்சங்கள் இருக்கலாம், துகள் சீராக இருக்காது, எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது.

மகளுக்குச் செய்வதற்கு முன் டாக்டரிடம் இரண்டு கேளுங்கள். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வாரா? முன்பல் என்பதால் நிறம் மாறாத வகைப் பொருளை வைப்பாரா? பிஸ்மத் கலந்தது சில சமயம் பல்லைக் கறுக்க வைக்கும், முக்கியமாக ரூட் கெனால் கழுவும் ஹைப்போகுளோரைட் பட்டால். வேர் நுனியில் வைப்பது எலும்புக்குள் ஆழத்தில் இருப்பதால் பயம் குறைவு. ஆனாலும் பத்தொன்பது வயசுப் பிள்ளை. பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு போட்ட புதிய வகைகள் வந்திருக்கின்றன. கேட்பதில் தப்பில்லை.

வேர் நுனியில் வைக்கும் அந்தச் சிமெண்ட் ஏன் அவ்வளவு விலை?
வாசகர், உச்சிப்புளி

ஒரு கிராம் பொட்டலத்தின் விலைக்கு மேஸ்திரி அண்ணன் பல மூட்டை இறக்கிவிடுவார். சுத்தமான மூலப்பொருள், சோதனைகள், காப்புரிமை, இறக்குமதி எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. இப்போது உள்நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு. உங்கள் பில்லில் பெரும்பங்கு சிமெண்டுக்குப் போவதில்லை, டாக்டரின் நேரத்துக்குத்தான் போகிறது.

எங்கள் அம்மா பல் வலிக்குக் கிராம்புத் தைலம் தொட்டு வைப்பார். கிராம்பை வைத்தே வேர் அடைக்கும் மருந்து செய்ய முடியாதா? எல்லாவற்றுக்கும் வெளிநாட்டுப் பொடிதானா?
வாசகி, ஏர்வாடி

செய்தாகிவிட்டது அக்கா, எப்போதோ. கிராம்புத் தைலத்தின் சாரம் யூஜினால். துத்தநாக ஆக்சைடுப் பொடியில் அதைக் குழைத்தால் கெட்டியாகும். பல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அது பெரும்பாலும் இதுதான். அதைப் பலப்படுத்திய வகைகளை வேர் நுனியிலும் பல காலம் வைத்தோம்.

இதில் என் தலைக்கனத்துக்கு விழுந்த ஒரு குட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத் தட்டில் யூஜினால் பட்ட செல்கள் செத்துப்போகும். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆகவே எம்.டி.ஏ. வந்ததும், இனிமேல் கிராம்புக் கலவையை வைப்பவர் டாக்டரே இல்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினேன். 2003-ல் லண்டன் ஆய்வாளர்கள் இரண்டையும் நோயாளிகளிடமே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இரண்டு வருட முடிவில் எம்.டி.ஏ. வைத்தவர்களில் 92 விழுக்காடு, பலப்படுத்திய கிராம்புக் கலவை வைத்தவர்களில் 87 விழுக்காடு பேருக்கு வெற்றி. பெரிய வித்தியாசம் என்று கணக்குப்படி சொல்ல முடியாது. தட்டில் சாகும் செல் வேறு, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் எலும்பு வேறு. ரத்தம் கழுவிக் கொண்டுபோய்விடுகிறது, கெட்டியான கலவையிலிருந்து யூஜினால் கசிவதும் நாளடைவில் குறைகிறது.

இருந்தாலும் என் கிளினிக்கில் வைப்பது எம்.டி.ஏ. போன்ற கால்சியம் சிலிகேட் வகைதான். கிராம்புக் கலவை தன் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது, மேலே வேர்ப் பூச்சு வளர்வதில்லை. அம்மாவின் தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பஞ்சில் தொட்டு வையுங்கள், ஈறில் ஊற்றாதீர்கள், புண்ணாகும்.

பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நம் கடற்கரையில் சிப்பி, சங்கு ஓடு, கடற்பாசி, ஒதுங்கும் பவளக்கல் எல்லாம் கிடைக்கின்றன. இவற்றிலிருந்து வேர் நுனி அடைக்கும் பொருள் உருவாக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும்?
வாசகி, கீழக்கரை

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் மகளே. உன் வயதில் எனக்கு இது தோன்றவில்லை.

முதலில் பவளத்தை விட்டுவிடு. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் தொடாதே, 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பழைய வீட்டுச் சுவரே பவளக்கல்தான், அப்போது யாரும் கேட்கவில்லை. தீவுகளைச் சுற்றி வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றினார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன. பவளத்தை வைத்து எலும்புத் தாது செய்யலாம் என்று 1974-லேயே காட்டிவிட்டார்கள், எலும்புப் பள்ளத்தை நிரப்ப அது பயன்பட்டும் வருகிறது. ஆனால் அந்தப் பொடி தண்ணீரில் தானாக இறுகாது. உனக்கு வேண்டியது இறுகும் பொருள்.

சிப்பி பரவாயில்லை. சிப்பி ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். அதோடு சிலிக்கா சேர்ந்தால் கால்சியம் சிலிகேட்டுக்கு வழி பிறக்கும். சிலிக்கா எங்கே? ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போ, உமிச் சாம்பலில் இருக்கிறது. இப்படிச் சிப்பி ஓட்டையும் உமிச் சாம்பலையும் சேர்த்துச் சுடுகிற முயற்சி உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது, நீதான் முதல் ஆள் என்று நினைத்துவிடாதே. உண்மையான சிமெண்ட் கட்டி உருவாக 1400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கல்லூரி அடுப்பு தாங்காது. அதைவிடப் பெரிய வேலை சுத்தம். கடல் ஓட்டில் காரீயம், ஆர்செனிக் எவ்வளவு என்று அளக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

உன் பட்டியலில் எனக்குப் பிடித்தது கடற்பாசி. உன் கல்லூரியில் பல் அளவெடுக்கக் குழைக்கிறீர்களே ஆல்ஜினேட், அது நம் பெண்கள் முட்டளவு தண்ணீரில் இறங்கிப் பறிக்கும் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி மாதிரியான பழுப்புப் பாசியிலிருந்து வருவது. அதற்கு முன் அளவெடுக்க அகார் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அகார் வராமல் நின்றதும் ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது.

கடற்பாசி எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004. எம்.டி.ஏ.யைக் கையால் வைப்பது எனக்குப் புதுசு. ஒரு மீன் வியாபாரிக்கு வேர் நுனி அடைத்தேன். அழகாக உட்கார்ந்தது. தைப்பதற்கு முன் இடத்தைச் சுத்தமாக்குகிறேன் என்று ஊசிக்குழாயால் உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவினேன். ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளைப் புள்ளியில் பாதியைக் காணோம். அந்தப் பொடி இறுக கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், நானோ ஐந்தாவது நிமிஷத்தில் கழுவிவிட்டேன். அவரைத் திரும்பக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, காசு வாங்காமல் மறுபடி திறந்தேன். திட்டவில்லை, 'வலையும் சில நேரம் ரெண்டு தடவ போடுறதுதான்' என்றார். அதிலிருந்து அடைத்த பிறகு கழுவுவதே இல்லை.

ஈரத்தில் கரைந்து ஓடாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் அல்லவா? 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டில் சோடியம் ஆல்ஜினேட்டைச் சேர்த்தார்கள். வெளிவரும் கால்சியம் பட்டதும் ஆல்ஜினேட் ஜெல்லாகி, பொடி சிதறாமல் கட்டிப் பிடித்துக்கொண்டது. ஒரு நல்ல மாணவி இதை வைத்து மூன்று வருடம் ஓட்டலாம். எவ்வளவு சேர்த்தால் பலம் குறைகிறது, எவ்வளவு சேர்த்தால் இறுகும் நேரம் தள்ளிப்போகிறது, ஜெல் நாளடைவில் கரைந்து ஓட்டை விடுமா என்பதெல்லாம் வேலைதான். புதிய வகைகள் வேறு வழியில் போயிருக்கின்றன: பயோடென்டின் திரவத்தில் கால்சியம் குளோரைடு இருப்பதால் 12 நிமிடத்தில் இறுகும். கலக்கவே வேண்டாத, களிமண் பதத்தில் வரும் பொருட்களும் உண்டு, உடல் ஈரத்தையே வாங்கி அவை இறுகும். உன் பொருள் இவற்றோடு போட்டி போட வேண்டும் என்பதை மறக்காதே.

சோதனைகளைப் பற்றிக் கேட்டாய். இறுகும் நேரம், கரைதிறன், எக்ஸ்ரேயில் தெரிவது (குறைந்தது 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டுக்குச் சமமாக) இவை முதலில். அப்புறம் பொருளை 37 டிகிரியில் ஒரு நாள் ஊறவைத்து, அந்தச் சாற்றை எலியின் எல்929 செல்கள் மேல் விடுவார்கள். 70 விழுக்காட்டுக்குக் குறைவாக உயிரோடு இருந்தால் நஞ்சு என்று கணக்கு. புதிதாகக் கலந்த எம்.டி.ஏ.யே இதில் தடுமாறும், அதனால் இறுகிய பிறகு ஒன்றும் புதிதாக ஒன்றுமாக இரண்டையும் பார். பல்லைப் பிடித்திருக்கும் தசைநார் செல்லிலும் பார், எலிச் செல்லுக்குப் பல்வேரைப் பற்றி என்ன தெரியும்?

ஒரு வேலை மட்டும் செய்யாதே. என் முதுகலை ஆய்வு முழுக்கச் சாயக் கசிவுதான். நாலைந்து கிளினிக்கில் பிடுங்கிய பற்களைப் பாட்டிலில் சேர்த்து, நுனி வெட்டி, அடைத்து, மெத்திலீன் நீலத்தில் ஊறப்போட்டு, நெடுக்காக வெட்டி, சாயம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று அளந்தேன். இரண்டு வருடம் விரலெல்லாம் நீலம். அந்த அளவுக்கும் நோயாளி குணமாவதற்கும் தொடர்பு கிடையாது என்று பிற்பாடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என் ஆய்வேடு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

தட்டைத் தாண்டினால் விலங்குச் சோதனை, அதற்கு நெறிமுறைக் குழு. மனிதரிடம் போவதற்கு 2017-ன் மருத்துவக் கருவி விதிகள். அது தனி ஆளால் ஆகாது. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் எலும்புச் சிமெண்ட் வரைக்கும் செய்திருக்கிறார்கள், விடுமுறையில் ஒரு மாதம் போய்க் கூட நில். மண்டபத்தில் பாசி ஆய்வு நிலையம் உன் வீட்டிலிருந்து பஸ் தூரம்.

இன்னொன்று. 2010-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். பழைய முறை அறுவையில் வெற்றி 59 விழுக்காடு, மைக்ரோஸ்கோப் வைத்துப் புதிய பொருள் அடைத்ததில் 94. பொடி விற்பவர்கள் இதைத் தங்கள் பொடியின் புகழாக எடுத்துப் பாடுவார்கள். ஆனால் பழைய முறையில் மைக்ரோஸ்கோப்பும் இல்லை, அதிரும் முனையும் இல்லை, வேரைச் சாய்த்து வெட்டிக் கிளைகளை விட்டுவைத்தார்கள். பொடியின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். நீ பொடி செய், கையையும் பழக்கு.

1991-ல் எனக்கு வேர் நுனி அறுவை செய்து பாதரசக் கலவை அடைத்தார்கள். வலி இல்லை. ஈறில் மட்டும் சாம்பல் நிறத் திட்டு. எடுத்துவிட வேண்டுமா?
வாசகர், தொண்டி

எக்ஸ்ரே எடுங்கள். வேர் நுனியில் கரிய நிழல் இல்லை, சீழ் இல்லை, ஆட்டம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் திட்டு, வைக்கும்போது சிதறிய உலோகத் துகள் ஈறில் பச்சை குத்தியது போலத் தங்கியது. திட்டு பெரிதானாலோ நிறம் மாறினாலோ மட்டும் காட்டுங்கள். பாதரசம் குறித்து 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், டாக்டர் கட்டாயம் என்று கருதும் நோயாளிகளைத் தவிர, பல்லில் வைப்பதையே நிறுத்திவிட்டது. ஆனால் நன்றாக இருப்பதைத் தோண்டி எடுக்கும்போதுதான் பாதரசம் அதிகமாக வெளிவரும்.

நான் சங்கு குளிப்பவன். மேல் கடைவாய்ப் பல்லில் இந்த அறுவை செய்து பத்து நாள் ஆகிறது. எப்போது கடலுக்குப் போகலாம்? வீட்டில் வருமானம் நின்றுபோய்க் கிடக்கிறது.
வாசகர், பெரியபட்டினம்

தம்பி, படகில் போவது வேறு, முங்குவது வேறு. படகில் உட்கார்ந்து கயிறு பிடிக்கிற வேலை இருந்தால் இப்போதே போகலாம். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. பல்லில் எங்காவது காற்று அடைபட்டிருந்தால் இறங்கும்போதோ ஏறும்போதோ ஆணி அடித்த மாதிரி வலிக்கும்.

மேல் கடைவாய்ப் பல்லில் இன்னொரு சங்கதி. அந்த வேர்களுக்கு நேர் மேலே கன்னத்துக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. அறுவையின்போது அதில் துளை விழுந்ததா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விழவில்லை என்றால், என்னிடம் வருபவர்களுக்குத் தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஆகட்டும் என்பேன். விழுந்திருந்தால் குறைந்தது ஆறு வாரம், அதற்குப் பிறகும் ஒரு எக்ஸ்ரே பார்த்துத்தான். மூக்கைப் பலமாகச் சிந்துவதும், மூக்கைப் பொத்திக் காதுக்குள் காற்றடைப்பதும் அதுவரை கூடாது. அதைச் செய்யாமல் உங்களால் முங்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் நாள் கணக்குச் சொல்கிறேன்.

முதல் நாள் இறங்கும்போது இரண்டு பாகத்துக்கு (கை விரித்த நீளம் ஒரு பாகம்) மேல் போகாதீர்கள். பல்லில் சுருக்கென்றால் உடனே மேலே வந்து, அன்றைக்குக் கரையேறிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். அறுவை செய்த டாக்டரிடம் சங்கு குளிக்கிறவன் என்று சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இன்றைக்கே போனில் சொல்லுங்கள்.